நிழலுக்குப் போன கிண்ணம்

"கிண்ணம் தானா நகருமாங்க?"

"கோழி தள்ளியிருக்கும் அஞ்சுகம், அதுக்குப் போய்..."

"தள்ளிட்டு மூடியும் போட்டு வெச்சிட்டுப் போச்சாக்கும்."

அம்பகரத்தூர்த் திருவிழாவுக்கு வாணம் கட்டுகிற முத்தையனும் அவன் மனைவியும் இப்படி ஒருவர் பேச்சில் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்கள். வாண மருந்தில் புதுச் சரக்கு எதைச் சேர்ப்பதானாலும் அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதியதைக் கலந்த மருந்தில் ஒரு சிட்டிகை, பழைய கலவையில் ஒரு சிட்டிகை, இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து வெயிலில் காய்ந்த மணலில் அருகருகே வைப்பார்கள். புதியது மட்டும் கூடுதலாகச் சூடேறினால் அந்தச் சரக்கு மருந்துக்கு ஒத்துவராது; மொத்தமாகக் கலந்தால் தானே தீப்பற்றிக்கொள்ளும். இந்த முறை, காரைக்கால் கடைத்தெருவில் முத்தையன் ஆசையாக வாங்கிவந்த சிங்கப்பூர்ப் பசைக்குச் சோதனை. அந்தக் கிண்ணம்தான் வேப்பமர நிழலில் இருந்தது.

"ஒங்க தங்கச்சி மாதிரி இதுக்கும் வெயில் ஆகாதாக்கும்" என்றபடி அஞ்சுகம் அதை மணலுக்கே கொண்டுவந்து வைத்தாள்.

சற்று நேரம் கழித்து இரண்டையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். பழையதில் மணலின் சூடுதான் இருந்தது. புதியதைத் தொட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். குடத்துத் தண்ணீரை அதன்மேல் கவிழ்த்தாள்.

"நல்லவேளை, சிட்டிகைதானே" என்றான் முத்தையன், திருவிழா மருந்தைக் கலந்து வைக்கும் கொட்டகைப் பக்கம் பார்த்தபடி.

அவளும் பார்த்தாள். கொட்டகை வாசலில் பசை டின் காலியாக உருண்டு கிடந்தது.

"டின்னு நெறைய இருந்துச்சே, மிச்சப் பசை எங்கங்க?"