எந்தச் சட்டை முன்னால்?

சகாயராஜுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை படுத்துத் தூங்கத்தான் ஆசை. வாரம் முழுக்க ஷிப்மென்ட் வேலை. நின்று நின்று கால் கடுத்தது. ஆனாலும் படங்களையும் அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு, வீரபாண்டியில் நண்பர்கள் கூடும் முனீஸின் அறைக்குப் போனான்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் ஆனவன் அவன். டிஜிட்டல் கேமராவில் ஒரே காட்சியை இரண்டு தடவை எடுப்பான். இடது காலில் பாரம் போட்டு இடது கண்ணுக்கு ஒன்று, வலது காலுக்கு மாறி வலது கண்ணுக்கு இன்னொன்று. இரண்டையும் அருகருகே ஒட்டி, அட்டைப்பெட்டியில் பதித்த இரண்டு லென்ஸ் வழியாகப் பார்த்தால், படத்துக்குள் கையை விடலாம் போல ஆழமாகத் தெரியும். முதல் தடவை பார்த்தபோது அவனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

முனீஸ் பாயில் படுத்தபடியே பார்த்தான்.

"ரெண்டும் ஒரே போட்டோதானண்ணே? தல வலிக்கு."

திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். காதர்பேட்டை வியாபாரி உமர், "அட, துணி முன்னால வந்து நிக்குதே!" என்றார். அதற்குள் செல்போன் அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போனவர் திரும்பவில்லை.

மிச்சம் கந்தவேல். சகாயராஜிடம் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவன். அவன்தான் நிதானமாகப் பார்த்தான்.

"அருமைங்க மாஸ்டர். உங்கூட்டு மாடி, கொடியில துணி."

"சின்னச் சட்டை, பெரிய சட்டை. எது முன்னால நிக்கு?"

"பெருசுதானுங்க."

சின்னது மூக்கைத் தொடுகிற மாதிரி முன்னால் நிற்கும். லென்ஸ் விலகிவிட்டதோ என்று சகாயராஜ் திருத்திக் கொடுத்தான். மறுபடியும் அதே பதில். மூன்றாம் தடவை நீட்டியபோது கந்தவேல் பெட்டியைக் கீழே வைத்தான்.

"எப்படித் திருப்புனாலும் அவ்வளவுதானுங்க. எனக்கு எடது கண்ணு பார்வ இல்லீங்க. சின்னதுலயே போயிருச்சு."

"கம்பெனில தெரியுமா?"

"தெரிஞ்சா மிஷின்ல வுடுவாங்களா?"

சகாயராஜ் சுவரில் சாய்ந்தான். மிஷின் கத்திக்குப் பக்கத்தில் கந்தவேலின் கை போய்வருவதைத் தினமும் பார்க்கிறவன் அவன்.

"நாளைல இருந்து துணி விரிக்கிற டேபிளுக்கு வந்துரு."

கந்தவேல் எழுந்தான். "இதுக்குத்தானுங்களா படம் காட்டக் கூப்புட்டீங்க?"

திங்கட்கிழமை, விரிக்க ஆள் பத்தவில்லை என்று மேனேஜரிடம் சொல்லி சகாயராஜ் அவனை மாற்றினான். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. கந்தவேல் அவன் முகத்தைப் பார்க்காமல் துணி விரித்தான். அந்த வாரம் முழுக்க அப்படியே போனது.

சனிக்கிழமை டீ நேரத்தில் கந்தவேல் தானாகவே பக்கத்தில் வந்து நின்றான்.

"மாஸ்டர், இந்த லாட் துணி இன்னும் காயலீங்க. இன்னிக்கி வெட்டுனா அளவு சுருங்கிரும்."

சகாயராஜ் போய்த் துணியைத் தொட்டுப் பார்த்தான். ஈரம் இருந்தது.

"சரி, கெடக்கட்டும். திங்கக்கெழம வெட்டிக்கிடலாம்," என்றான்.