சுருக்கி அனுப்பலாமா

ஷமீமாவின் போன் ஒரே ஒரு முறைதான் வந்தது. "ஏட்டி ஷீனா, கேத்ரினக் காணோம்ட்டி. இங்கனதான் நின்னா, கூட்டம் நெட்டுச்சு..." அதோடு கட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை அடித்தும் லைன் கிடைக்கவில்லை.

கேத்ரின் என் மகள். ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர். பக்கத்து வீட்டு ஷமீமா அங்கே வளையல் கடை போட்டிருந்தாள். தேர் பார்த்தே ஆகணும் என்று கேத்ரின் உருண்டு புரண்டதால் அவளோடு அனுப்பிவைத்தேன். நான் ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தேன். நானும் ஷமீமாவின் தம்பி ஆபித்தும் அந்தத் திருவிழாவுக்கு ஒரு வெப்சைட் நடத்துகிறோம். வழிதவறி வந்த பிள்ளைகளின் விவரத்தை ஒவ்வொரு உதவிக் கூடாரத்திலும் இருப்பவர்கள் அதில் ஏற்றுவார்கள். பெற்றோர் எந்தக் கூடாரத்துக்குப் போய்க் கேட்டாலும் தெரிந்துவிடும்.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அங்கேயே நின்றுவிட்டேன். தேர் அன்று பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அந்த ஜனத்துக்குள் நான் போய் யாரைத் தேட? யாராவது அவளை ஒரு கூடாரத்தில் விட்டிருந்தால் வெப்சைட்டில் வரும். விடாமல் வேறெங்காவது கூட்டிப்போயிருந்தால்... அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

புதிதாக ஒரு பதிவும் இல்லை. வெகு நேரமாகவே இல்லை. தேர்க் கூட்டத்தில் ஒரு பிள்ளைகூடவா தொலையாது? அப்போதுதான் உறைத்தது. அங்கே வெப்சைட் பக்கமே திறக்கவில்லை. ஊரே ஒரே டவரைப் பிடித்துத் தொங்கும்போது எங்கள் கனத்த பக்கம் எப்படி இறங்கும்?

கம்ப்ரஷன் போட்டால் இறங்கும். சர்வர், பக்கத்தை அமுக்கிச் சின்ன மூட்டையாகக் கட்டி அனுப்பும். போன் அதைப் பிரித்துக் காட்டும். போன வாரமே ஆபித் கேட்டான். "ஓடுறத நோண்டாதலே" என்று வாயை அடைத்தவள் நான். இரண்டு பேரும் சேர்ந்து உட்காராமல் யாரும் கைவைக்கக் கூடாது என்று சத்தியமும் வாங்கியிருந்தேன். ஏடாகூடமானால் இருக்கிற பக்கமும் போய்விடும், அத்தனை கூடாரத்துக்கும் கண் போன மாதிரிதான். அந்தப் பயம் இப்போதும் குறையவில்லை.

ஆபித்தும் தேர்க் கூட்டத்தில்தான் இருந்தான். அவனுக்கு அடித்தேன். கிடைக்கவில்லை. "ஏசப்பா" என்று சொல்லிக்கொண்டே சர்வரில் கம்ப்ரஷனைப் போட்டேன்.

பக்கத்தைத் திறந்தால் ஒரு எழுத்து எழுத்தாக இல்லை. கட்டமும் கேள்விக்குறியுமாகத் திரை முழுக்கக் குப்பை. எம் பிள்ளையை நானே தொலைத்துவிட்டேன் என்றுதான் தோன்றியது.

வெப்சைட்டின் புரோகிராமைத் திறந்தேன். சற்று முன்தான் யாரோ அதை மாற்றியிருந்தார்கள். பாஸ்வேர்ட் தெரிந்த இன்னொரு ஆள் ஆபித் மட்டும்தான். அங்கே எங்கோ வயர் நெட் இருக்கிற கடையில் உட்கார்ந்து, அவனும் சத்தியத்தை மீறி, புரோகிராமுக்குள் கம்ப்ரஷனைப் போட்டிருக்கிறான். அவன் கட்டிய மூட்டையை நான் இன்னொரு முறை கட்டியிருக்கிறேன். போன் ஒரு கட்டைத்தான் பிரிக்கும்.

என்னுடையதை எடுக்கலாமா? நான் எடுக்கிற அதே நேரம் அவனும் எடுத்தால் மறுபடி கனத்த பக்கம். இருவரும் திரும்பப் போட்டால் மறுபடி குப்பை. எங்களுக்குள் எந்தத் தகராறிலும் முதலில் இறங்கி வருவது அவன்தான். பிடித்த பிடியை நான் விடமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். அவனே எடுக்கட்டும் என்று கையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டேன். ஆனால் அவன் போட்டுவிட்டுப் பார்க்காமலே எழுந்து போயிருந்தால்? கேத்ரின் யாரோ ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது கண் முன்னால் வந்தது. கை தானாகக் கீபோர்டுக்குப் போனது.

போன் அடித்தது. புது நம்பர்.

"அக்கா, நான் ஜெராக்ஸ் கடையிலருந்து பேசுதேன். எம்புட்டு நேரமா அடிக்கேன்! நான் எடுத்துட்டேன், நீங்க எடுத்துராதீக."

"எடுக்கலலே. கேத்ரின்?"

"எல்லாரும் தேடுதோம்க்கா. இப்பத்தான் ஏறுது, பாருங்க."

பக்கம் பளிச்சென்று திறந்தது. பதிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. நீலச்சட்டைப் பையன். ஊர் சொல்லத் தெரியாத பாட்டி. மஞ்சள் கவுன் பெண் குழந்தை. படம் வருவதற்குள் உயிர் போய்விட்டது. அது வேறு யார் பிள்ளையோ.

அடுத்தது வந்தது. 'கேத்ரின். வந்து ரொம்ப நேரம் ஆச்சு, பக்கம் திறக்காததால் ஏற்ற முடியவில்லை. அழவில்லை. எங்க அம்மா கம்ப்யூட்டரில் என்னைப் பார்த்துக்கிட்டே இருக்கும் என்று எல்லோரிடமும் சொல்கிறாள்.'

நான் வாய்விட்டு அழுததில், எந்தக் கூடாரம் என்று ஆபித்துக்குப் படித்துச் சொல்லக்கூட முடியவில்லை.