வஞ்சிரு ஓட்டுக் கேட்டபோது

வஞ்சிரு எங்கள் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தது தொண்ணூற்று இரண்டு ஜூலையில். கென்யாவில் நியேரி பக்கம் மலையோர ஊர். அப்பா தேயிலை பயிரிடுகிறவர். அடையாறில் நான் சேர்ந்த மகளிர் கல்லூரியில்தான் அவளும் தாவரவியல் சேர்ந்திருந்தாள். ஹாஸ்டலில் இடம் இல்லாததால், கல்லூரி ஆபீசில் யாரோ சொல்லி, மயிலாப்பூரில் எங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு பெரிய பெட்டியோடு வந்து நின்றாள்.

"பேர் என்னம்மா?" என்றாள் அம்மா.

"வஞ்சிரு."

அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயமே வாரத்தில் நாலு நாள்தான் என்றிருந்த வீட்டில், மாடியிலிருந்து இறங்கி வரும்போதெல்லாம் ஒரு மீன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டுமே என்று யோசித்திருப்பாள். "வஞ்சின்னு கூப்பிடறேன். உள்ளே வா" என்று முடித்துவிட்டாள்.

கல்லூரியில் யாருக்கும் அந்தச் சங்கடம் இல்லை. முதல் நாளே அவள் 'வஞ்சிரம்' ஆகிவிட்டாள்.

தமிழை அவள் கற்றுக்கொண்டது அம்மாவிடம், சமையலறையில், கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டு. அதனால் அவளுக்கு வந்த தமிழ் எங்கள் வீட்டுத் தமிழ். ஒருநாள் பஸ்ஸில் கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டதற்கு, "ஆத்துக்குப் போறேன்" என்றாள். அவர் நிதானமாக டிக்கெட்டைக் கிழித்தபடி, "எந்த ஆத்துக்கும்மா? அடையாறா, கூவமா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள், என்னவென்று புரியாமலேயே. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டினப்பாக்கம் போய் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வருவாள். அங்கே கொஞ்சம் 'இன்னா'வும் 'கீது'வும் சேர்ந்தது. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். "பீச்சுக்குப் போயிட்டு வந்தியா? குளிச்சுட்டு சாப்பிட வா" என்பாள், அவ்வளவுதான்.

இவ்வளவு தூரம் ஏன் படிக்க வந்தாள் என்பதை ஒரு மாலை மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது சொன்னாள். அவளுக்கு ஒரு அண்ணன், முவாங்கி. கல்லூரி மாணவர் சங்கத்தில் பெரிய பேச்சாளன். ஒரு வேலைநிறுத்தம் நடந்து, போலீஸ் வந்து, அவனைக் கல்லூரியை விட்டு நீக்கிவிட்டார்கள். இரண்டு வருஷமாக வீட்டில்தான் இருக்கிறான். யாரோடும் அதிகம் பேசுவதில்லை. அதற்குப் பிறகுதான் அப்பா இவளைக் கடல் தாண்டி அனுப்பினார். சங்கம், கூட்டம், ஊர்வலம் எதிலும் சேரமாட்டேன் என்று விமான நிலையத்தில் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வருஷம் மழை ஏமாற்றியது. ஏரிகள் வறண்டு, மெட்ராஸ் முழுக்கத் தண்ணீர் லாரியின் பின்னால் குடத்தோடு ஓடியது. எங்கள் கல்லூரியில் காலை பதினோரு மணிக்கு மேல் கழிப்பறைகளைப் பூட்டிவிடுவார்கள். காலையில் வீட்டில் குடித்த காபியோடு சரி, சாயங்காலம் வீடு திரும்பும்வரை நாங்கள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டோம். அதைப் பெரிய குறையாகக்கூட நினைக்கவில்லை. மழை இல்லை, தண்ணீர் இல்லை, வேறென்ன செய்வது என்றிருந்தோம்.

ஜூலை கடைசியில் இசக்கியம்மாள் லேப் மேஜையருகே மயங்கி விழுந்தாள். தி.நகரில் அவள் அப்பாவுக்குப் பாத்திரக்கடை, அமைதியான பெண். வஞ்சிருதான் அவளைத் தோளில் தூக்கிப்போட்டு ஆட்டோவுக்குக் கொண்டுபோனாள். சிறுநீரகத்தில் கிருமி ஏறியிருக்கிறது, இந்தப் பெண் தண்ணீரே குடிப்பதில்லையா என்று டாக்டர் திட்டினாராம்.

ஆகஸ்டில் மாணவர் பேரவைத் தேர்தல் வந்தது. செயலாளர் பதவிக்கு மதுமதி நின்றாள். அவர்கள் குடும்பத்துக்குத் தி.நகரில் நகைக்கடை. அழகாக இருப்பாள், அழகாகப் பேசுவாள். அறிமுகக் கூட்டத்தில், இந்த வருஷம் கலைவிழா மூன்று நாள், மெல்லிசைக் குழு, அழகிப் போட்டி என்று அடுக்கினாள். கைதட்டல் அடங்குமுன் வஞ்சிரு எழுந்தாள்.

"மதுமதி, ஒரு சந்தேகம். கக்கூஸ் எப்போ திறப்பேள்?"

ஹாலில் ஒரு பெரிய சிரிப்பு கிளம்பியது. பிறகு அது தானாகவே அடங்கியது. யாரோ ஒருத்தி பின்வரிசையில் கைதட்டினாள். அதன் பிறகு நிற்கவே இல்லை.

மறுநாள் எங்கள் வகுப்பே வேட்புமனுத் தாளோடு அவள் முன்னால் நின்றது. "எங்க அப்பாவுக்கு சத்தியம் பண்ணியிருக்கேன்" என்று தாளைத் தள்ளிவிட்டாள். இரண்டு நாள் என்னோடுகூடச் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் இசக்கியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து, என்னிடம் பேனா கேட்டாள்.

முதல்வர் ஜஹீதா மேடம் கூப்பிட்டனுப்பினார். "நீ வெளிநாட்டுப் பொண்ணு. நாளைக்கு விசாவுல ஏதாவது சிக்கல் வந்தா உங்க வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். ஆனால் விதிப் புத்தகத்தை முழுக்கப் படித்துப் பார்த்தவரும் அவர்தான். இரண்டு நாள் கழித்து, தடை எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

எதிர்ப்பக்கத்தினர் கரும்பலகையில் 'வஞ்சிரம் கிலோ என்ன விலை?' என்று எழுதினார்கள். ஒருமுறை அதைவிட மோசமாக, அவள் நிறத்தை வைத்து எழுதியிருந்தார்கள். நான் டஸ்டரைத் தேடுவதற்குள் மதுமதியே வந்து புடவைத் தலைப்பால் அழித்தாள். "இது என் ஆளுங்க எழுதினதா இருந்தா, நான் பேசிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வகுப்பு வகுப்பாகப் போய் வஞ்சிரு ஒரே வாக்கைக் கொடுத்தாள்: ஜெயித்த முதல் நாளே பூட்டை உடைப்பேன். எல்லா இடத்திலும் ஆரவாரம். அந்த ஆரவாரம் கேட்டு ஒருநாள் வராந்தாவில் துடைப்பத்தோடு வந்து நின்றாள் அஃப்சருன்னிசா. கழிப்பறைகளைச் சுத்தம் செய்கிறவள் அவள்தான்.

"இன்னாமா, பூட்ட ஒடைக்கப் போறியாமே? ஒடை. பதினாலு கக்கூஸு கீது. நான் ஒருத்தி. நாளு முச்சூடும் எனக்கு நாலு பக்கெட் தண்ணி. அதுக்கு மேல நெறைஞ்சிபோனா யாரு அள்றது? நீ அள்றியா?"

அவள் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை வஞ்சிரு அப்போதுதான் பார்த்தாள். பூட்டுப் போட்டது ஆபீஸ் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

மறுநாள் காலை ஆறரைக்கே அவள் கிளம்பிவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது அஃப்சருன்னிசாவோடு சேர்ந்து பின்கட்டுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள். பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது. "சாரு, அங்கே பார்" என்று கை காட்டினாள். தண்ணீர் லாரியிலிருந்து குழாய் நேராக முன்பக்கத் தொட்டிக்குப் போயிற்று. அந்தத் தொட்டியிலிருந்துதான் ஆபீஸ் முன்னால் இருந்த புல்வெளிக்கும் ரோஜாச் செடிகளுக்கும் பாசனம். ஊரே காய்ந்து கிடக்க, அந்தப் புல் மட்டும் பச்சைப்பசேல் என்றிருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் நாங்கள் வகுப்புக்குப் போனோம். ஒருத்தி கண்ணிலும் படவில்லை.

கடைசிக் கூட்டத்தில் வஞ்சிரு மேடை ஏறியதும், "பூட்டு! பூட்டு!" என்று கத்தினார்கள். அவள் கையை உயர்த்தினாள்.

"பூட்டை உடைப்பேன்னு சொன்னேன். அது தப்பு. பூட்டினது அஃப்சருன்னிசா அக்கா. அவா இடத்துல நான் இருந்தா நானும் பூட்டித்தான் இருப்பேன். நான் ஜெயிச்சா, புல்லுக்குப் போற தண்ணிய கேப்பேன். அக்காவுக்கு இன்னொரு ஆள் கேப்பேன். நீங்களும் ஒண்ணு செய்யணும். உபயோகிச்சுட்டு ஆளுக்கு ஒரு பக்கெட் தண்ணி ஊத்தணும். ஊத்த மாட்டேன்னா எனக்கு ஓட்டுப் போடாதேங்கோ."

கைதட்டல் பாதியாகக் குறைந்துவிட்டது. முன்வரிசையில் யாரோ, "நாம ஏன் ஊத்தணும்?" என்று முனகியது எனக்கே கேட்டது. தோற்றுவிட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் மாலையில் ஓட்டு எண்ணி முடித்தபோது பத்தொன்பது ஓட்டில் ஜெயித்திருந்தாள்.

முதல்வர் அறைக்கு நானும் துணைக்குப் போனேன். அடுத்த மாதம் ஆய்வுக்குழு வருகிறது, கல்லூரி பார்க்க லட்சணமாக இருக்கவேண்டாமா என்றார் ஜஹீதா மேடம். அந்த ரோஜாக்களை அவரே பதியன் போட்டு வளர்த்தவர்.

"மேடம், புல்லு காஞ்சா மழைல திரும்ப வரும். அதைத்தான் இங்கே படிக்கறேன்" என்றாள் வஞ்சிரு. "இசக்கியோட கிட்னி அப்படி வராது, மேடம்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். போகலாம் என்று தலையை மட்டும் அசைத்தார். இரண்டு நாள் கழித்து லாரிக் குழாய் பின்கட்டுத் தொட்டிக்குத் திரும்பியது. ரோஜாக்களுக்கு மட்டும், மேடம் தன் வீட்டிலிருந்து ஒரு கேனில் தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தார். இன்னொரு ஆள் வேலைக்கு வர டிசம்பர் ஆயிற்று.

பக்கெட் விஷயம்தான் லேசில் படியவில்லை. ஓட்டுப் போட்டவர்களே ஊற்றாமல் நழுவினார்கள். வஞ்சிரு வகுப்பைவிட்டு வந்து வாசலில் காவல் நின்றாள். ப்ராக்டிகல் இரண்டு தவறியது. ஒருநாள் மதுமதி வந்து அவள் கையிலிருந்த பட்டியலைப் பிடுங்கிக்கொண்டாள். "செவ்வாய், வியாழன் நான் நிக்கிறேன். நீ போய் லேப்பைப் பாரு. உன்னைப் பார்த்தா சிரிச்சிட்டு ஓடிடுறாளுங்க. என்கிட்ட நடக்காது." நடக்கவும் இல்லை. மதுமதியின் நாட்களில் தரை பளபளவென்று இருக்கும்.

செப்டம்பர் கடைசியில்தான் குண்டு விழுந்தது. ஜஹீதா மேடம் வஞ்சிருவைத் தட்டிக்கொடுத்து, "உங்க அப்பாவுக்கு லெட்டர் போட்டிருக்கேன். உங்க மகளை எங்க பேரவைச் செயலாளரா தேர்ந்தெடுத்திருக்காங்க, எங்களுக்குப் பெருமைன்னு" என்றார். அனுப்பி மூன்று வாரம் ஆகியிருந்தது.

வஞ்சிரு அன்று சாயங்கால டிபனில் இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிடவில்லை. அம்மா அவளைக் கேட்டு, பிறகு என்னைக் கேட்டு, விஷயத்தை வாங்கிக்கொண்டாள். "வஞ்சி, லெட்டர் பேசறதுக்கு முன்னாடி நீ பேசிடு. கிளம்பு" என்று புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் லஸ் முனையில் இருந்த டெலிபோன் பூத்துக்குப் போனோம். அவர்கள் ஊரில் தேயிலை வாங்கும் நிலையத்து ஆபீசில்தான் போன். அப்பாவைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தோம்.

அவர்கள் பாஷை எங்களுக்குப் புரியவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடிதம் முந்தின நாளே போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு கட்டத்தில் வஞ்சிரு பேசுவதை நிறுத்திவிட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது.

அம்மா கதவைத் திறந்து ரிசீவரை வாங்கினாள். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ், கென்யாவரை நேராகவே கேட்கிற மாதிரி சத்தமாக வந்தது. நான் நீரஜா, உங்கள் பெண் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், போலீஸ் யாரும் வரவில்லை, கல் யாரும் எறியவில்லை, அவள் கழிப்பறைக்குத் தண்ணீர் கேட்டாள், அவ்வளவுதான் சார், தண்ணீர் வந்துவிட்டது என்றாள். ஒரு பெண் மயங்கி விழுந்ததையும் சொன்னாள். பிறகு எதிர்முனையில் அவர் என்னவோ கேட்டார். அம்மா குரல் இறங்கியது. "ஷி இஸ் ஆல்ரைட் நௌ" என்றாள்.

"யாரைக் கேட்டார்?" என்றேன்.

"அந்த இசக்கிப் பொண்ணைத்தான். எப்படி இருக்கான்னு கேக்கறார்" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வஞ்சிருவிடம் கொடுத்தாள்.

இந்த முறை அவள் அதிகம் பேசினாள். கையை ஆட்டி ஆட்டி, பக்கெட் ஊற்றுவதுபோலச் செய்து காட்டிக்கூடப் பேசினாள். வெளியே வந்தபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"சத்தியத்தை மீறிட்டேன்னு கோபம்தான். இன்னும் போகலை" என்றாள். "ஆனா எல்லாத்தையும் அண்ணாவுக்கு எழுதணுமாம். ஒண்ணு விடாம. அவன் அந்த லெட்டரை மூணு தடவை கேட்டு வாங்கிப் படிச்சானாம்."

அம்மா உடனே தெருவைக் கடந்து தபாலாபீஸ் பக்கம் நடந்தாள். "ஏரோகிராம் வாங்கணும். உன் கோழிக்கிறுக்கலுக்கு ஒண்ணு எப்படிடீ போறும்? மூணா வாங்கு."