குச்சியும் மேடும்

இதயம் ஒழுங்காகத் துடிக்கிறதா, தாறுமாறாகத் துடிக்கிறதா என்று கோட்டைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். ஈ.சி.ஜி. எடுப்பது அவள் வேலை; ஆஸ்பத்திரியில் 'கோட்டுக்காரி' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஊரார் இதயத்தையெல்லாம் படித்தவளுக்குச் சொந்த அப்பாவே நோயாளியாக வந்து வாய்த்தார். மார்புக்குள் இதயத்தைத் தட்டித் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்த மனிதர், இப்போது நெஞ்சில் சளி கட்டி, மகள் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

அப்பாவின் தலைமாட்டில் இருந்த மானிட்டரைக் கண்டாலே அம்மாவுக்குப் பயம். கோடு ஏறினால் ஒரு கேள்வி, இறங்கினால் ஒரு கேள்வி. மகளை ஒரு வாய் காப்பி குடிக்க விட்டாளா? கடைசியில் மகளுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"அம்மா, குச்சி மாதிரி ஒண்ணு வருது பாரு, அது பேஸ்மேக்கர் தட்டுறது. அது வர்ற வரைக்கும் ஒரு பயமும் இல்ல. போதுமா?"

போதாது. குச்சிக்குப் பின்னாலேயே அகலமாக ஒரு மேடு வர வேண்டும். அந்த மேடுதான் இதயம். வெளியே தட்டினால் மட்டும் ஆயிற்றா, உள்ளே இருப்பவர் கதவைத் திறக்க வேண்டாமா? பயிற்சிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பொறுமையாகப் பாடம் எடுப்பவள், பெற்ற தாய்க்குப் பாதியோடு நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் மதியம் வேலைக்கு நடுவே அவள் வார்டுக்குள் எட்டிப் பார்த்தாள். அப்பா சுவர்ப் பக்கம் முகம் திருப்பிப் படுத்திருந்தார். அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"சத்தம் போடாத. இருமல் அடங்கி நல்லா தூங்குறார். குச்சி தவறாம வருது."

வந்தது. பிசகாமல் வரிசையாக வந்தது. பின்னால் மேடு ஒன்றுகூட இல்லை. பாழாய்ப்போன மானிட்டர் குச்சிகளையே துடிப்பென்று எண்ணி, அலறாமல் நல்ல எண்ணாகக் காட்டிக்கொண்டிருந்தது.

அப்பாவின் கழுத்தில் விரலை வைத்தவள் கத்தினாள். நர்ஸ் ஓடி வந்தாள், டாக்டர் ஓடி வந்தார், மார்பை அழுத்தினார்கள், ஊசி போட்டார்கள். கடைசியில் டாக்டர் கையை எடுத்துவிட்டார். இன்னும் ஒரே ஒரு வரி சொல்லிக் கொடுத்திருந்தால் அம்மா யாரையாவது கூப்பிட்டிருப்பாள். அதை நினைத்தபோது அவளுக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அம்மா திரையைக் காட்டினாள். "குச்சி வருதே டாக்டர், ஏன் விட்டுட்டீங்க?"

டாக்டர் மகளைப் பார்த்தார்.

"அது வெறும் கருவிம்மா," என்றாள் மகள். "அப்பா போயிட்டார்."

"எப்ப?"

"இப்பதான்மா. நான் உள்ள வந்தப்போ."

வாய் கூசாமல் பொய் சொன்னாள். அம்மா குனிந்து அப்பாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அது எப்போதோ சில்லிட்டுப் போயிருந்தது.

"அவர் பக்கம் திரும்பவே இல்லடி நான்," என்றாள். "நீ சொன்னியேன்னு அதையே பார்த்துட்டு இருந்தேன்."