வக்கீல் உறவினர் உண்டா?

சாட்சி ஒருவர் கூண்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் நீதிபதி நாற்காலியில் இருந்த அவளுக்குச் செய்தி வந்தது: மேல் கோர்ட்டு நீதிபதி பதவிக்கு அவளுடைய பெயரைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். இருபத்துமூன்று வருஷ உத்தியோகம். சின்ன வழக்குகள் மட்டும் வரும் கோர்ட்டில் தொடங்கி, ஒன்பது ஊருக்கு மாற்றலாகி, மாவட்ட நீதிபதியாக வந்து உட்கார்வதற்குள் பெட்டி கட்டுவதும் பிரிப்பதுமாகப் பாதி ஆயுள் போயிருந்தது.

கூடவே பதினொரு பக்கப் படிவம் ஒன்றும் வந்தது. எழுதிய தீர்ப்புகள், மேல்முறையீட்டில் ரத்தானவை என்று மளமளவென்று நிரப்பிக்கொண்டே போனவள், ‘நெருங்கிய உறவினர் யாரேனும் வழக்கறிஞராகத் தொழில் செய்கிறாரா?’ என்ற இடத்தில் அண்ணன் பெயரை எழுதினாள். அப்பா போன பிறகு அவளைச் சட்டம் படிக்க வைத்தவர் அவர்தான். அவள் நீதிபதியான நாளிலிருந்து அவள் இருக்கும் ஊரில் ஒரு வழக்கைக்கூட எடுக்கமாட்டார். “வீட்டுல ஒருத்தர் வாதாடணும், ஒருத்தர் தீர்ப்பு சொல்லணும். ரெண்டும் ஒரே கட்டடத்துல வேணாம்” என்று சிரிப்பார்.

அவருடைய பதிவு எண்ணைக் கேட்க வக்கீல் சங்கத்துக்குப் போன் செய்தாள். எடுத்த குமாஸ்தா கொஞ்சம் தயங்கினார்.

“தொழிலே வேணாம்னு போன மாசமே வக்கீல் பதிவை ஒப்படைச்சிட்டாரே அம்மா. உங்களுக்குத் தெரியாதா?”

மறுநாள் விடுப்பு போட்டுவிட்டு அண்ணன் ஊருக்குப் பஸ் ஏறினாள். நகலெடுக்கும் கடைக்கு மேலே அவருடைய ஆபீஸ். வாசலில் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டைகள். உள்ளே, கட்டுக் கட்டாகக் கேஸ் கட்டுகளை ஒரு இளம் பெண் வக்கீலிடம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் அண்ணன். அந்தப் பெண் இறங்கிப் போகும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

“யாரைக் கேட்டு இப்படிச் செஞ்சீங்க?”

“உன்னைக் கேட்டா வேணாம்பே. அதான் கேக்கல.”

“நான் கேட்டேனா இதை?”

“உன் பேரு அடிபடுதுன்னு தெரிஞ்சதுமே ஆரம்பிச்சிட்டாங்க பாப்பா. தங்கச்சி மேல போனா அண்ணன் காட்டுல மழைதான்னு என் காதுபடவே பேசுறாங்க. நரம்பில்லாத நாக்கு, என்ன வேணா பேசும். நாளைக்கு நீ எழுதுற தீர்ப்பையும் அப்படித்தானே பேசுவாங்க?” பிறகு சிரிக்கப் பார்த்தார். “முப்பத்தாறு வருஷம் கத்தியாச்சு. தொண்டைக்கும் ஓய்வு வேணுமில்ல?”

சாப்பாடு இல்லாமல்கூட இருந்துவிடுவார்; கோர்ட்டு இல்லாமல் அவரால் இருக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

படிவத்தில் அண்ணன் பெயரை அடித்துவிட்டு, ‘இல்லை’ என்று எழுதி அனுப்பினாள்.

ஏழு மாதம் கழித்து, மேல் கோர்ட்டுக்குப் புதிதாக நியமித்தவர்களின் பட்டியல் வந்தது. ஆறு பெயர்கள். அவளுடையது இல்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. சொல்லும் வழக்கமும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பத்து மணியானா வெள்ளைச் சட்டையை மாட்டிக்கிட்டு உக்காந்துடறாரும்மா. இன்னிக்கு ஞாயித்துக்கிழமைங்கறதுகூட நினைப்பில்ல.”

அண்ணன் மடிப்புக் கலையாத சட்டையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். முன்னால் செய்தித்தாள். பட்டியலை அவரும் பார்த்திருந்தார்.

“அடுத்த பட்டியல்ல வரும், பாப்பா.”

அவளுக்கு ஐம்பத்தெட்டு முடிந்துவிட்டது. அடுத்த பட்டியல் வருவதற்குள் வயது வரம்பு தாண்டிவிடும் என்று இருவருக்குமே தெரியும்.

“நீங்க மறுபடி பதிவு பண்ணிக்கோங்கண்ணே. மனுவை நானே எழுதித் தர்றேன்.”

“எழுதலாம். கட்சிக்காரங்க எல்லாம் வேற வக்கீலைப் பாத்துட்டாங்களே. இந்த வயசுல போயி, எனக்கொரு கேஸ் குடுங்கன்னு படி ஏறச் சொல்றியா?”

அவள் அவருடைய காலடியில், தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். பதவி போனதற்காக இல்லை என்பது அவருக்குப் புரிந்திருக்கும். அவள் தலையில் கை வைத்தார்.

அவள் மேலும் ஒன்றரை வருஷம் அதே மாவட்ட நாற்காலியில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றாள். அண்ணன் கடைசிவரை மனு போடவேயில்லை.