இருபத்திரண்டு பெட்டி

பிரிஜெட் மாதிரி ரயிலில் சின்ன அளவுக்கு மாறப்போகிறாள் என்று கேட்டதும் லாயிட் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். அவள் மதம் மாறப்போவதாகச் சொல்லியிருந்தால்கூட மனிதர் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொல்லியிருப்பார்.

“ஏம்மா, எச்.ஓ.வை விட்டுட்டு ‘N’ ஸ்கேலா? பல்லு செஞ்சு செஞ்சு உனக்கு எல்லாமே பல்லு சைஸ்ல தெரியுதா?”

கண்டோன்மென்ட் பக்கம் ஒரு லேபில் பல் செட் செய்வது பிரிஜெட்டின் வேலை. அந்தக் கிண்டல் அவளுக்குப் பழகிப்போனது.

“ஆமா அங்கிள். இப்ப இருக்கறதுல பாதி சைஸ். முடிவு பண்ணிட்டேன்.”

“முடிவு பண்ணிட்டு அப்புறம் வந்து சொல்றே. நல்லா இருக்கு.”

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. குக் டவுனில் ஒரு சர்ச் ஹாலில் லாயிட் தலைமையில் வருஷத்துக்கு ஒருமுறை மாதிரி ரயில் காட்சி நடத்தும் கூட்டம் அது. மொத்தமே ஐந்து பேர். ஆளுக்கொரு நீளப் பலகையில் வீட்டிலேயே தண்டவாளம் போட்டு, மலையோ பாலமோ ஊரோ அமைத்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள். காட்சியன்று பலகைகளை முனையோடு முனை சேர்த்து ஒரே லைனாக்கி, ஒரே ரயிலை ஐந்து பேர் ஊர் வழியாகவும் ஓட்டுவார்கள். யார் பலகையில் வண்டி தடம் புரள்கிறதோ அவர்தான் அன்றைக்கு எல்லாருக்கும் பிரியாணி வாங்க வேண்டும். பிரிஜெட் இதுவரை ஒரு பொட்டலம்கூட வாங்கியதில்லை. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. இருந்தால் என்ன? அவள் ஒன்றும் கன்னியாஸ்திரி இல்லையே.

அவர்கள் எல்லாரும் ஓட்டுவது எச்.ஓ. அளவு; அதில் ஏறக்குறைய பாதியான ‘N’ ஸ்கேலில் தண்டவாளத்தின் அகலமே வேறு. அவள் பலகை இனி மற்ற நாலு பேர் பலகையோடு சேராது. இத்தனை வருஷம் தோளோடு தோள் நின்று ஓட்டிய லைனிலிருந்து அவள் வெளியே போகிறாள் என்றுதான் அர்த்தம்.

லாயிட்டுக்கு மனசு கேட்கவில்லை. “உன் பழைய பலகைய எங்ககிட்ட விட்டுரு. லைன்ல உன் பேர் போட்டே வைக்கிறோம். நீ சும்மா வந்து நின்னா போதும்” என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் பிரிஜெட்டுக்குச் சுருக்கென்று தைத்தது. பெயர் லைனில் இருக்க, ஆள் வேடிக்கை பார்க்க வேண்டுமா?

“வேணாம் அங்கிள். மூணு பலகை போடற மாதிரி ஒரு ஓரமா எடம் குடுங்க. நான் தனியா ஓட்டறேன்.”

பக்கத்திலிருந்த ரகு, பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருப்பவன், “அக்கா, வர்றவங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பூதக்கண்ணாடி குடுத்துரலாம்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள்.

வைட்ஃபீல்ட் ஃபிளாட்டுக்குக் குடிபோனதால் இடம் பற்றாமல் மாறுகிறாள் என்று அவர்கள் நினைத்தார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி வைட்ஃபீல்ட் ஸ்டேஷனில் இருந்தது. தினமும் காலையில் வேலைக்குப் போக அவள் அங்கே நிற்கும்போது ஒரு எக்ஸ்பிரஸ் நிற்காமல் போகும். முடிந்தது என்று நினைக்கும்போது இன்னொரு பெட்டி வரும், அதற்குப் பின்னால் இன்னொன்று. காலடியில் தரை அதிரும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, ஒரு இன்ஜினையும் ஐந்து பெட்டியையும் சுற்றவிட்டு, அதை எக்ஸ்பிரஸ் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அரை அப்பளம் வைத்துவிட்டு விருந்து என்று சொல்வதைப் போலத்தான் அது. எச்.ஓ.வில் முழு வண்டி ஓட்டக் கல்யாண மண்டபம் வேண்டும். பாதி அளவில் என்றால் அவள் வீட்டு ரூமிலேயே இருபத்திரண்டு பெட்டியும் ஓடும்.

“சின்னதாக்கறேன்னு சிரிக்கறாங்க நோயல். நான் பெருசாக்கறேன்டா” என்றாள் கணவனிடம்.

நோயலுக்கு ரயிலில் ஏறத் தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் தன் ஆபீஸ் மேஜையை ஜன்னலோரம் நகர்த்தி ரூமில் இடம் விட்டான். வீட்டிலிருந்தே வேலை செய்பவன். மீட்டிங் நடக்கும்போது அவன் முதுகுக்குப் பின்னால் ரயில் ஓடியது.

நம் ஊர்ப் பெட்டிகள் அந்த அளவில் கடையில் லேசில் கிடைப்பதில்லை. பிளாஸ்டிக்கில் அச்சடித்த வெறும் கூடாக வாங்கி, பல்லுக்கு நிறம் ஏற்றும் பிரஷ்ஷாலேயே ஒவ்வொன்றுக்கும் வர்ணம் தீட்டினாள். அரிசியளவு ஜன்னலுக்குக் கம்பி வரைந்தாள். ஜனரல் பெட்டி வாசலில் தொங்கும் ஆளைக்கூட அவள் விடவில்லை. பதினாறு பெட்டி வரை சேர்த்து வீட்டில் ஓட்டிப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி போனது. மீதி ஆறின் வர்ணம் காட்சியன்று காலையில்தான் காய்ந்தது.

ஹாலில் நல்ல கூட்டம். நடுவில் லாயிட்டின் பெரிய லைன். மூலையில் பிரிஜெட்டின் மூன்று பலகை. இருபத்திரண்டையும் கோத்து கன்ட்ரோலரைத் திருகினாள். வண்டி புறப்பட்டது. சுற்றி நின்றவர்கள் குனிந்தார்கள். இன்ஜின் முதல் வளைவில் பாதி தூரம் போயிருக்கும். அதற்குப் பின்னாலிருந்த நாலைந்து பெட்டிகள் உள்பக்கமாகச் சாய்ந்து பொலபொலவென்று விழுந்தன.

“அக்கா, பிரியாணி!” என்று ரகு எதிர்ப்பக்கத்திலிருந்து கத்தினான்.

தூக்கி நிறுத்தி மறுபடி ஓட்டினாள். அதே வளைவில் மறுபடி விழுந்தன. முகம் சூடாகிவிட்டது. லாயிட் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “இந்த சைஸ் இவ்ளோ நீளம் தாங்காதும்மா. அஞ்சு பெட்டி போட்டு ஓட்டு. பாக்கறவங்களுக்கு என்ன தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமே அங்கிள்.”

விழுந்த பெட்டியொன்றைக் கையில் எடுத்தாள். கனமாக இருந்தது. அப்போதுதான் தலையில் அடித்துக்கொண்டாள். எச்.ஓ. ஓட்டுபவர்கள் பெட்டி துள்ளாமல் இருக்க உள்ளே ஒரு இரும்பு நட்டை ஒட்டிவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் அதைச் செய்யாத ஆளே கிடையாது. இத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் கை, அவளைக் கேட்காமலே இருபத்திரண்டிலும் பெட்டிக்கொரு நட்டை ஒட்டிவைத்திருந்தது. ஐந்து பெட்டிக்கு அது பலம். இங்கே முன்னால் இன்ஜின் இழுக்க, பின்னால் அத்தனை கனமும் பிடித்து நிறுத்த, நடுவில் வளைவில் மாட்டியவை நிற்க முடியாமல் உள்ளே சரிந்தன. இருபக்கமும் இழுத்துப் பிடித்த கொடிக்கயிறு வளைந்து நிற்குமா?

“நோயல், பின்னாடி பெட்டிங்களோட கூரைய எடு. நட்டெல்லாம் வெளிய வரணும்.”

“எல்லாத்துலயுமா?”

“முன்னாடி எட்டு பெட்டிய விட்டுரு. முன்னாடி கனம், பின்னாடி லேசு. சீக்கிரம்!”

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து நகத்தால் பெயர்த்தெடுத்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் நடுவிலிருந்த லைனுக்கு நகர்ந்துவிட்டார்கள். பிரிஜெட் நிமிர்ந்தே பார்க்கவில்லை. மறுபடி கோத்து, கன்ட்ரோலரை மயிரிழை அளவுக்குத் திருகினாள்.

இன்ஜின் வளைவுக்குள் நுழைந்தது. முதல் பெட்டி, இரண்டாவது, எட்டாவது. ஒன்றும் சாயவில்லை. வளைவைத் தாண்டி, எதிர்ப்பக்க நேர்லைனில் இன்ஜின் பாதி தூரம் போய்விட்டது. பெட்டிகள் வளைவுக்குள் வந்துகொண்டே இருந்தன. “இன்னும் வருது பாருங்க, இன்னும் வருது!” என்று ஒரு அம்மாள் கூவினாள். நகர்ந்த கூட்டம் திரும்பி வந்தது. கடைசிப் பெட்டியும் வளைவைக் கடந்தபோது ஹாலில் கைதட்டல் எழுந்தது. பிரிஜெட்டுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. தன் கையால் செய்த முழு ரயில், ஒரு பெட்டி குறையாமல்! நோயல் தன் பங்குக்கு, ஏதோ தானே ஓட்டுவதைப் போலச் சுற்றியிருந்தவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

நடு லைனில் சத்தம் நின்றது. லாயிட் தன் வண்டியைப் பாலத்தின் மேலேயே நிறுத்திவிட்டு வந்தார். ஓடும் ரயிலோடு கூடவே பலகையைச் சுற்றி நடந்தார். ஒரு சுற்று முடிந்ததும், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் குந்தி உட்கார்ந்தார்.

“ஓரத்துலேருந்து தண்டவாளம் எவ்ளோ தள்ளி வருது? அளவு சொல்லு.”

பலகையோடு பலகை சேர்க்க நினைப்பவர்கள் மட்டும் கேட்கும் கேள்வி அது. இதுவரை அந்தக் கூட்டத்தில் அளவு சொன்னது லாயிட் ஒருவர்தான். மற்றவர்கள் கேட்டு வாங்கினார்கள்.

“யாருக்கு அங்கிள்?”

“எனக்குத்தான், வேற யாருக்கு? இத்தன வருஷமா நானும் அஞ்சு பெட்டிய மெயில்னு சொல்லிட்டு இருக்கேன்.” அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “இந்த ரெண்டு பலகைக்கும் நடுவுல இதே சைஸ்ல என் பலகை ஒண்ணு வரலாம்ல?”

“வரலாம் அங்கிள்” என்றாள் பிரிஜெட். பிறகு ரகுவுக்கும் மற்றவர்களுக்கும், ஏன், அந்த ஹாலுக்கே கேட்கும்படி, ஒவ்வொரு அளவாக நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.