மெயிலுக்கு எழுந்தவர்

1.
இந்தக் கதை ஒரு கூட்டத்தில் பிறந்தது. ஆம்பூரில், ஓய்வுபெற்ற ரயில்காரர்களின் மாதப்படியை உயர்த்தச் சொல்லி நடந்த கூட்டம். தலைமை வகித்த ராவ்பகதூர் பந்தலுக்குள் உட்கார்ந்து தொழிலாளர் துயரத்தை விவரித்தார். துயரப்பட்டவர்கள் வெயிலில் நின்று கேட்டார்கள். நான் போனது காபிக்காக. காபி மேடையோடு தீர்ந்துவிட்டது. எனக்குக் கதைதான் மிச்சம்.

2.
முதல் தொடக்கம்: 'நீராவியின் பெருமூச்சிலே தம் வாழ்வைக் கரைத்த அம்மாவீரர்...'

(அடித்துவிட்டேன். ராவ்பகதூரின் மேடைப் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.)

மறுபடியும். கோதண்டபாணி ஆம்பூர் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். தண்டவாளத்தை மாற்றிவிடுவார், மெயில் வண்டி கடக்கும்போது பச்சைக்கொடி பிடித்து நிற்பார். இப்போது ரயில் கம்பெனி தரும் படி அரிசிக்கே போதவில்லை. அதனால் அவர் மனைவி கெங்கம்மாள் தோல் பதனிடும் ஷாப்பில், சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து ரோமம் வழிக்கிறாள். விரலெல்லாம் வெடிப்பு. படி உயர்ந்தால் அந்த வேலையை விட்டுவிடலாம்.

3.
கம்பெனி இரங்கியது. இனி உழைக்கவே முடியாதவர்களுக்கு மட்டும் உயர்வு. துரை ஒருவர் நேரில் பார்த்துத் தீர்மானிப்பார்.

[அடிக்குறிப்பு: இத்தனை காலம் உழைத்ததற்கு யாரும் சாட்சி கேட்கவில்லை.]

வீட்டில் கெங்கம்மாள் ஒத்திகை நடத்தினாள்.

"தொரை எதிர்ல வந்தா இன்னா பண்ணுவே?"

"இருமுவேன்."

"எங்க, இருமு பாக்கலாம்."

இருமினார்.

"ஏன்யா, வெல்லம் தொண்டையில மாட்ன மாதிரி இருமுறே? எங்க ஷாப்புக்கு வந்து கேளு, இருமல்னா இன்னான்னு தெரியும்."

"பொய்யா இரும வரலடி."

"சம்பளத்துக்கு நெசமா ஒழச்சே. படிக்குப் பொய்யா இருமு, போ."

4.
துரை வந்த நாள். பிளாட்பாரத்துப் பெஞ்சில், தடியோடு காத்திருந்த கோதண்டபாணிக்கு முன்னால் ஷபீ அஹமது உட்கார்ந்திருந்தார். பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். காலையிலேயே பிரியாணி முடித்துவிட்டு வந்தவர். துரை எதிரில் அவர் மூச்சு வாங்கியதைப் பார்த்து எனக்கே கவலையாகிவிட்டது. உயர்வு கிடைத்தது.

"அடுத்து நீதான், கோதண்டம். தடிய மட்டும் உட்றாதே."

"சரி பாய்."

அப்போது மெயில் ஊதியது. ஆம்பூரில் நிற்காத வண்டி.

கோதண்டபாணியின் தடி கீழே விழுந்தது. எழுந்துவிட்டார். முதுகு நிமிர்ந்தது, வெறுங்கை கொடி பிடிப்பதுபோல் நீண்டது. கடைசிப் பெட்டி கடக்கும்வரை அது இறங்கவில்லை.

(பார்சல் குமாஸ்தாக்கள் மெயிலுக்கு எழுந்திருப்பதில்லை. ஷபீ அஹமது பெஞ்சிலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.)

துரை ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்த ஆபீஸ் குமாஸ்தா அதைத் தமிழில் கேட்டார்: "இன்னும் வேல செய்ய முடியுமான்னு தொரை கேக்கறார்."

5.
முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ) துரை மனமுருகிக் கையெழுத்திடுகிறார். (ராவ்பகதூர் கைதட்டுவார். ஆனால் துரைமார் உருகி நான் பார்த்ததில்லை, வேலூர் வெயிலில்கூட.)

ஆ) "முடியும்" என்கிறார் கோதண்டபாணி. மானம் பிழைக்கிறது. இதை எழுதத்தான் என் கை துடிக்கிறது. மறுநாள் சுண்ணாம்பில் இறங்கப்போவது வேறொருத்தியின் கை.

இ) 'முடியாது என்று சொல்ல வாய்திறந்தவர், தன் கையைப் பார்த்து...'

நிறுத்திவிட்டேன். ஏனென்றால் ஸ்டேஷன் வேலிக்கு வெளியே வந்து நின்ற கெங்கம்மாள் இரும ஆரம்பித்தாள். புருஷனுக்குச் சாடை காட்டுகிறாள் என்றுதான் எழுத வந்தேன். இருமல் நிற்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

துரை திரும்பி, யார் அது என்றார்.

"கம்பெனி ஆள் இல்ல தொரே," என்றார் ஆபீஸ் குமாஸ்தா.

கோதண்டபாணி வேலியைப் பார்க்கிறார். கேட்ட கேள்வி கேட்டபடி நிற்கிறது. அவர் வாயில் ஒரு சொல்லை வைக்க வேண்டும். நான் வைக்கப்போவதில்லை, நீங்கள் வையுங்கள். கொஞ்சம் சீக்கிரம். துரை கடிகாரத்தை எடுத்துவிட்டார், அவள் இன்னும் நிமிரவில்லை.